திருமலைச் சபைகளில் பெண்கள்: வேலை அவர்களுக்கு, கையெழுத்து யாருக்கு?

உவர்மலை வாசி:

எல்லோருக்கும் வணக்கம். திருமலையில் (திருகோணமலையில்) எந்தக் கிறிஸ்தவ சபை என்று சொல்லமாட்டேன், ஊர் சின்னது. எங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவிக்கு ஒரு அக்காவின் பெயரை முன்மொழிந்தோம். வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இதுவரை இருந்த பொருளாளரே கணக்கறிக்கையை அவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்துத்தான் கூட்டத்தில் வாசிப்பார். பெயர் சொன்ன உடனே ஒரு பெரியவர் எழும்பினார். "பெண்பிள்ளைகளுக்கு மாதர் சங்கம் இருக்குதுதானே, காசோலையில் கையெழுத்து வைக்கிற தலையிடியை ஏன் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்?" என்றார். கேட்க அக்கறை மாதிரியே இருந்தது. கூட்டம் சிரித்தது. அக்கா தானே பெயரை விலக்கிக்கொண்டார்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2025 ஒக்டோபரில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பீடமான கன்டர்பரியின் 106ஆவது பேராயராக சாரா முலலியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை வேறு எந்தத் திருச்சபை மாகாணத்துக்கும் உட்படாதது. கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்கள் இரண்டுக்கும் மேலான பேராயர் கன்டர்பரியில் இருப்பவர்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் அங்கிலிக்கன் ஆலயமான புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு மேலே எல்லோருக்கும் உயரத்தில் இருப்பது ஒரு பெண். அதே ஊரில் இன்னொரு சபையில் ஒரு பெண் காசோலையில் கையெழுத்து வைப்பது சிரிப்புக்குரிய விஷயமாக இருக்கிறது.

மற்றச் சபைகளில் நடப்பது என்ன? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சண்டை வேண்டாம்.

கடலோரக் காகம்:

சண்டை வேண்டாம் என்று சொல்லித்தான் இங்கே எல்லாச் சண்டையும் தொடங்கும் அண்ணா.

நான் அங்கிலிக்கன்தான். கன்டர்பரி என்று ரொம்பத் துள்ளவும் வேண்டாம். எங்கள் காரியங்களை மறைமாவட்ட மன்றம்தான் பார்க்கிறது. ஆயர் தேர்தலில் வாக்குகள் பிரிந்து முடிவு வராத நேரத்தில் கன்டர்பரியே ஆளை நியமித்தது உண்டு. கை நீளுவது அந்தளவுக்குத்தான். ஆனால் அடுத்தமுறை கொழும்பில் இழுபறி வந்தால் முடிவு சொல்லப்போவது ஒரு பெண் என்பதும் உண்மை. அவர் ஆயராக வருவதற்கு முன் இங்கிலாந்தின் தலைமைத் தாதிய அதிகாரியாக இருந்தவர். நிர்வாகம் தெரியாது என்று அவரிடம் போய் யாரும் சொல்லமுடியாது.

எங்கள் திருச்சபை பெண்களைக் குருக்களாகவும் அபிஷேகம் செய்கிறது. ஆகவே சட்டம் தடுக்கவில்லை. ஆலயக் குழுவின் கதிரைகளை எண்ணிப்பார்த்தால்தான் மிச்சக் கதை தெரியும்.

உங்கள் பெரியவருக்கு ஒரு கேள்வி கொண்டுபோங்கள். பன்னிரண்டு சீஷர்களில் பணப்பை யாரிடம் இருந்தது? யோவான் 12ஐப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊழியத்துக்குத் தங்கள் ஆஸ்தியிலிருந்து செலவு செய்தவர்கள் யார்? லூக்கா 8: யோவன்னாள், சூசன்னாள், இன்னும் பல பெண்கள். காசு கொடுத்தது பெண்கள், பையை வைத்திருந்தது யூதாஸ்!

வசனவாசி:

காகம் அண்ணா, நகைச்சுவை நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வியை நீங்கள் எல்லோரும் தவறான இடத்தில் தொடங்குகிறீர்கள். இங்கிலாந்தில் என்ன நடக்கிறது என்பது சபைக்கு அளவுகோல் இல்லை. 1 தீமோத்தேயு 2:12 தெளிவாக இருக்கிறது. போதிக்கவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பவுல் அனுமதி கொடுக்கவில்லை. அது அந்தக் காலத்து எபேசு ஊர்ப் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. அடுத்த வசனத்திலேயே ஆதாமையும் ஏவாளையும் காரணமாகக் காட்டுகிறார். படைப்பிலிருந்து வரும் ஒழுங்கு அது.

நான் பெண்களைத் தாழ்த்திச் சொல்லவில்லை. எங்கள் சபையில் உபவாச ஜெபத்தைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

உவர்மலை வாசி:

தம்பி, அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த உடை எல்லாம் வேண்டாம் என்றும் இருக்கிறதே. திருமலையில் ஒரு கலியாண ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை பவுன் வாங்கில் இருக்கிறது என்று. அந்த வசனத்துக்கு யாரும் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்றதாக நான் காணவில்லை.

வசனவாசி:

எங்கள் சபையில் நகை போடுவதில்லை ஐயா. தாலிகூட இல்லை. அந்த வசனத்தையும் சேர்த்துத்தான் கைக்கொள்கிறோம்.

கடலோரக் காகம்:

ஹா ஹா. உவர்மலை அண்ணா, இந்தச் சுற்று தம்பிக்கு.

பாலையூற்றாள்:

நான் கத்தோலிக்கத் திருச்சபை. மறைக்கல்வி ஆசிரியை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் எழுதுகிறேன், நிறையப் பேருக்குத் தெரியாமல் இருக்கிறது.

குருத்துவம் பெண்களுக்கு இல்லை. 1994 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை முடிந்த முடிவாக எழுதிவிட்டார். அதே வருடம் மார்ச்சில்தான் பெண்பிள்ளைகள் பீடப்பணி (பூசையில் குருவுக்கு உதவும் பணி) செய்யலாம் என்ற அனுமதியும் உரோமையிலிருந்து வந்தது. ஒரே வருடத்தில் ஒரு கதவைப் பூட்டி ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். எங்கள் ஆலயப் பங்கில் அந்த ஜன்னல் உண்மையாகவே திறக்க எத்தனை வருடம் எடுத்தது என்பது வேறு கதை.

அந்தக் கதையைச் சொன்னால் விளங்கும். பெண்பிள்ளைகளைப் பீடப்பணிக்கு எடுப்போம் என்று பங்குத்தந்தை சொன்னபோது எதிர்த்தவர்கள் ஆண்கள் இல்லை. அம்மம்மாமார். "அந்த நாட்களில் பிள்ளை பீடத்துக்கு ஏறலாமா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். திருச்சபைச் சட்டத்தில் தீட்டு என்று ஒன்று இல்லை. ஆனால் நாங்கள் பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்கிற ஊரில் வளர்ந்தவர்கள், வீட்டில் பெரியபிள்ளையானால் ஒதுக்கிவைத்துத் தண்ணீர் வார்த்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்தவுடன் அதெல்லாம் கழுவப்பட்டுப் போகவில்லை. மாற்கு 5ஆம் அதிகாரத்துப் பெண்ணின் கதையை நான் அவர்களுக்குச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கு உள்ளவள் தொட்டாள், இயேசு ஒதுங்கவில்லை, மகளே என்று கூப்பிட்டார். ஒரு அம்மம்மா கேட்டுவிட்டு, "அவர் கடவுள், அவருக்கு ஒன்றும் செய்யாது" என்றார். என்ன பதில் சொல்வது? ஆகவே வசனவாசித் தம்பி, உங்கள் வாதத்தோடு நான் மோதலாம், அது எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இல்லாத இந்த வாதத்தோடு மோதுவதுதான் கஷ்டம்.

இனி அதிகாரம். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளை நிரந்தரப் பணிகளாகப் பெண்களுக்கும் திறந்தார். 2025 ஜனவரியில் துறவற சபைகளுக்கான திருப்பீடத் துறைக்கு சிமோனா பிரம்பில்லா என்ற அருட்சகோதரி தலைவரானார். உலகம் முழுவதும் உள்ள ஆண் துறவிகளும் அந்தத் துறைக்குக் கீழேதான் வருகிறார்கள். அதே வருடம் மார்ச்சில் ரபயெல்லா பெத்ரினி வத்திக்கான் நகர அரசின் நிர்வாகத் தலைவரானார். குருப்பட்டம் இல்லாமலேயே இத்தனையும் நடக்கும் என்பதுதான் நான் சொல்லவருவது.

உவர்மலை வாசி:

அக்கா, அப்படியென்றால் மறைமாவட்டத்தில் பொருளாளராகப் பெண் இருக்கலாமா?

பாலையூற்றாள்:

தாராளமாக. திருச்சபைச் சட்டம் 494 மறைமாவட்ட நிதிப் பொறுப்பாளரிடம் கேட்பது நிதித்துறைத் திறமையும் நேர்மையும்தான். குருவாக இருக்கவேண்டும் என்று இல்லை. ஆவணப் பொறுப்பான செயலரும் பொதுநிலையினராக இருக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறது சட்டம் 537. அதில் பெண்கள் உட்காரத் தடை எதுவும் இல்லை. குருக்கள் போதாத இடத்தில் பங்கின் மேய்ப்புப் பணியில் ஒரு பகுதியைக் குரு அல்லாத ஒருவரிடமும் ஆயர் ஒப்படைக்கலாம் என்கிறது சட்டம் 517.

அப்புறம் ஆண்களுக்கு ஒரு செய்தி. பங்கு மேய்ப்புப்பணிச் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் உண்டு, சட்டம் 536. முடிவு பங்குத்தந்தையுடையது. அங்கே முன்வரிசையில் அதிகாரமாக உட்காரும் எங்கள் அண்ணன்மாருக்கும் இறுதி வாக்கு இல்லை. பெண்கள் வந்தால் எதை இழப்பார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

லண்டனில் ஒரு திருமலையான்:

இங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் பெண் குருக்களுக்கு 1992இல் வாக்களித்தது, 1994இல் முதல் அபிஷேகம், முதல் பெண் ஆயர் 2015இல். இன்றைக்கும் பெண் குரு வேண்டாம் என்று தீர்மானம் போட்ட பங்குகள் உண்டு, அவற்றுக்கென்று தனி ஆயர்கள் உண்டு. முலலியின் பெயர் அறிவிக்கப்பட்டதும் ஆபிரிக்காவிலிருந்து எதிர்ப்புக் குரல்களும் கேட்டன. நாங்கள் ஏன் இதைத் தூக்கி எங்கள் ஊரில் வைக்கவேண்டும்? எங்கள் ஊருக்கு எங்கள் வழி இருக்கிறது.

கொட்டியாரம்:

எங்கள் வழி என்னவென்று நான் சொல்கிறேன், லண்டன் தம்பி. நான் மூதூர்ப் பக்கம்.

2006இல் யுத்தத்தால் மூதூர் கிழக்கிலிருந்து எல்லோரும் வெளியேறி, வாகரை வழியாக மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனோம். அந்த நாட்களில் ஆண்கள் கூடாரத்தை விட்டு வெளியே நடமாடவே பயந்தார்கள். போதகர் ஒரு முகாமில், சனம் வேறு முகாமில். மாலை ஜெபத்தை யார் நடத்தினார்கள்? பெண்கள். செத்த வீட்டுக்கு யார் ஜெபித்தார்கள்? பெண்கள். நிவாரணப் பட்டியலை எழுதி, அரிசி வந்ததா இல்லையா என்று அதிகாரிகளிடம் கணக்குக் கேட்டவர்களும் அவர்கள்தான். அப்போது யாரும் தீமோத்தேயுவைத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பி ஆலயத்துக்குக் கூரை போட்டு முடிந்ததும் நிர்வாகக் குழு அமைத்தோம். எல்லாம் ஆண்கள். நானும் அதில் ஒருவன்.

இங்கிலாந்துக்கு முந்திய கதை ஒன்றும் இருக்கிறது. அங்கிலிக்கன் உலகத்தில் முதல் பெண் குரு வெள்ளைக்காரி இல்லை, புளோரன்ஸ் லி டிம் ஒய் என்ற சீனப் பெண். 1944. யப்பானியப் படையெடுப்பால் மக்காவ் நகருக்குக் குரு போகமுடியவில்லை, அங்கே இருந்த சனத்துக்கு நற்கருணை கொடுக்க ஆள் இல்லை. ஹொங்கொங் ஆயர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். யுத்தம் முடிந்ததும் மேலிடத்தில் பிரச்சினை கிளம்பி, அவர் பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. வாசித்தபோது எனக்கு எங்கள் முகாம்தான் ஞாபகம் வந்தது. இது மேற்கிலிருந்து வந்த பிரச்சினை இல்லை தம்பி.

லண்டனில் ஒரு திருமலையான்:

இந்தக் கதை எனக்குத் தெரியாது. நன்றி ஐயா. இருந்தாலும் அவசரகால ஏற்பாட்டைச் சட்டமாக்கவேண்டுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மெதடிஸ்த மகள்:

அவசரகாலம் இல்லாத கதை ஒன்றை நான் சொல்கிறேன்.

இலங்கை மெதடிஸ்த திருச்சபையில் பெண் குருக்கள் உண்டு. எங்கள் முறையில் சபை தனக்குப் பிடித்த குருவைத் தெரிந்தெடுப்பதில்லை. திருச்சபையின் மகாநாடு அனுப்புகிறவர் வருவார், சில வருடம் இருப்பார், மாறிப்போவார். இந்த முறையைப் பற்றி ஆயிரம் முறைப்பாடு இருக்கலாம். ஆனால் பெண் குரு விஷயத்தில் இதுதான் கைகொடுத்தது. சபையிடம் வாக்குக் கேட்டிருந்தால் எங்கள் ஊர் எந்தக் காலத்திலும் ஒரு பெண்ணுக்கு வாக்களித்திருக்காது. அனுப்பிவிட்டார்கள், வந்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனையில் பெரிய பிரச்சினை வரவில்லை. திருவிருந்து நேரத்தில் சிலர் எழும்பவில்லை, அவ்வளவுதான். பிரச்சினை வந்தது ஒரு செத்த வீட்டில். கிழக்கில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பெட்டி படலை தாண்டியதும் பெண்கள் நின்றுவிடுவோம். கிறிஸ்தவ வீடுகளிலும் அதுதான் பழக்கம். சேமக்காலைக்கு ஆண்கள் போவார்கள், நாங்கள் வீடு கழுவுவோம். ஆகவே இறந்தவரின் தம்பி வந்து மிக மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, வீட்டு ஆராதனையை நீங்கள் நடத்துங்கோ. சேமக்காலைக்குப் பக்கத்துச் சேகரத்து ஐயாவைக் கூப்பிட்டிருக்கிறோம்."

அவர் கோபப்படவில்லை. "கூப்பிட்டது நல்லது, ஐயாவும் வரட்டும். அடக்க ஆராதனையை நான் நடத்துவேன். உங்கள் அண்ணாவை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்து ஜெபித்தது நான்" என்றார். பக்கத்துச் சேகரத்து ஐயா நல்ல மனிதர், வந்து குடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பெட்டி கிளம்பியது, அங்கி போட்ட ஒரு பெண் முன்னால் நடக்கிறார். அப்போது இறந்தவரின் மூத்த மகள் படலையில் நிற்காமல் பின்னால் நடக்கத் தொடங்கினாள். தங்கச்சியும் போனாள். யாரோ கூப்பிட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. அப்பாவுக்கு அவர்கள் கையால் மண் போட்டார்கள். அந்தத் தெருவில் அதற்கு முன் எந்த மகளும் அதைச் செய்ததில்லை. இப்போது எங்கள் சபையில் விரும்பிய பெண்கள் போகிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இதற்கு வேதத்தில் ஆதாரம் கேட்காதீர்கள். வாரத்தின் முதல்நாள் விடியக்காலையில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள்தான். பழக்கத்தைக் கேட்டு அவர்கள் வீட்டில் நின்றிருந்தால் அந்தச் செய்தியை யார் கொண்டுவந்திருப்பார்கள்?

வசனவாசி:

அக்கா, சேமக்காலைக்குப் பெண்கள் போவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் சபையில் எல்லோரும் போவோம். அது புறஜாதிப் பழக்கம், அதை விட்டது நல்லது. ஆனால் உயிர்த்தெழுதலை அறிவித்தவர்கள் பெண்கள் என்பதற்கும் சபையை மேய்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சாட்சி சொல்வது வேறு, கண்காணியாக இருப்பது வேறு. பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

கடலோரக் காகம்:

பன்னிரண்டு பேரும் யூதர்களும்தான் தம்பி. அதை வைத்து யாரும் திருமலைக்காரனைப் போதகராக்காமல் விடவில்லையே.

பெந்தெகொஸ்தே வரலாறும் கொஞ்சம் பாருங்கள். கொழும்பில் அந்த ஊழியத்தின் முன்னோடிகளில் ஒருவர் அன்னா லெவினி, டென்மார்க்கிலிருந்து வந்த பெண், அதற்கு முன் மேடை நடிகை. இரட்சணிய சேனை (Salvation Army) என்ற சபையை எடுங்கள். அதிகாரி என்றால் ஆணும் பெண்ணும் ஒன்றுதான் அவர்களுக்கு. 1970களின் கடைசியில் இலங்கையில் சேனைக்குத் தலைமை தாங்கிய ஈவா பரோஸ் 1986இல் உலகம் முழுவதற்கும் ஜெனரலாகத் தெரிவுசெய்யப்பட்டார். எங்கள் நாட்டில் வேலை பழகியவர் என்று நாங்கள் பெருமைப்படவே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா நந்தியால் மறைமாவட்டத்தின் ஆயரானார். யாழ்ப்பாண ஆதீனமும் அதே திருச்சபைதான். கூப்பிடு தூரத்தில் இருக்கிற உதாரணங்கள் இவை.

வசனவாசி:

இரட்சணிய சேனை திருவிருந்தே நடத்துவதில்லை, அவர்களை உதாரணமாகக் காட்டுவது சரியில்லை. மற்றவற்றைப் பற்றி என் நிலைப்பாடு மாறவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உவர்மலை ஐயா முதலில் கேட்டது பொருளாளர் பற்றி. பொருளாளர் மேய்ப்பர் இல்லை. அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிப்புக்கு ஆட்களைப் பிரித்துவிட்டார்கள், அது வேறு வேலை. பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி, அவளுக்கு உதவி செய்யுங்கள் என்று ரோமர் 16இல் பவுலே எழுதுகிறார். என் விளக்கப்படி உங்கள் அக்கா பொருளாளராவதைத் தடுக்க ஒரு வசனமும் இல்லை. அந்தப் பெரியவர் சொன்னது வேதம் இல்லை.

பாலையூற்றாள்:

தம்பி, இத்தனை பேர் எழுதியதில் இதுதான் எனக்குப் பிடித்தது. நீங்களும் நானும் குருத்துவம் பற்றி இந்த ஜென்மத்தில் ஒத்துப்போகமாட்டோம். ஆனால் உங்கள் சபை, என் சபை, காகம் அண்ணாவின் சபை எதிலும் ஒரு பெண் கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கச் சட்டமோ வசனமோ தடை இல்லை. ஆனாலும் மூன்றிலும் அந்தப் புத்தகம் ஆண்களிடம்தான் இருக்கிறது. பெண்கள் அங்கி போடலாமா என்று வருடக்கணக்காக வாதாடுகிறோம், உண்டியல் எண்ணும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கிக்கு உரோமை விடவேண்டும். மேசைக்கு எங்கள் பங்கு விட்டால் போதும்.

கொட்டியாரம்:

காசு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் எழுதவில்லை. பெண் பொருளாளர் வந்தால் கேள்வி கேட்பார். மாதர் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள், பலகாரம் விற்ற காசுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். பிரதான கணக்கில் "இதர செலவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காகவே சிலர் வசனம் தேடுவார்கள்.

உவர்மலை வாசி:

கொட்டியாரம் ஐயா, பெயர் சொல்லாமலே எங்கள் சபையைச் சொல்லிவிட்டீர்கள்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று சபை யாப்பை எடுத்துப் பார்த்தேன். பொருளாளர் முழு அங்கத்தவராக இருக்கவேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. அங்கத்தவர்கள் எழுத்தில் கேட்டால் விசேட பொதுக்கூட்டம் கூட்டலாம் என்றும் இருக்கிறது. கையெழுத்து வாங்கத் தயாராகி அக்காவிடம் போனேன்.

மெதடிஸ்த மகள்:

என்ன சொன்னார்?

உவர்மலை வாசி:

"சிரித்த கூட்டத்தின் முன்னால் இரண்டாம் முறை நிற்கமாட்டேன் தம்பி. பொருளாளர் பதவியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என்னை உள்ளகக் கணக்காய்வாளராகப் போடச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கிற கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். யாப்பில் அந்தப் பதவி இருக்கிறது, நிர்வாகக் குழுவே நியமிக்கலாம், வருடக்கணக்காக வெற்றிடம்.

கடலோரக் காகம்:

பெரியவருக்குச் சொல்லியாச்சா?

உவர்மலை வாசி:

இன்னும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிய நிர்வாகக் கூட்டம். நிகழ்ச்சிநிரலில் நான்காவது விடயமாகப் போட்டிருக்கிறேன், "இதர விடயங்கள்" என்று.